ஒரே கேஸ் ஷீட், நான்கு கையெழுத்து

அண்ணனுக்குக் காய்ச்சல் தொடங்கி ஏழாவது வாரத்தில்தான் அவரைப் பெரிய மருத்துவமனையில் சேர்த்தோம். அதுவரை விஷயம் இவ்வளவு தீவிரம் என்று யாருக்கும் உறைக்கவில்லை. சாயங்காலம் ஆனால் உடம்பு சுடும். ராத்திரி பனியனைப் பிழிகிற அளவுக்கு வியர்க்கும். காலையில் குளித்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார். பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட வேண்டி வந்த அன்றுதான் அண்ணி பயந்துபோய் என்னைக் கூப்பிட்டார். எடை பார்த்தால் ஒன்பது கிலோ குறைந்திருந்தது. வயது 44.

இப்போது அவர் நன்றாக இருக்கிறார். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோயைக் கண்டுபிடிக்கத் தேவையான துப்புகள் எல்லாம் பத்தாவது நாளுக்குள்ளேயே அங்கே இருந்தன. சேர்த்துப் பார்க்க வேண்டியவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருந்தார்கள். இதே நிலையில் இன்னொரு குடும்பம் மாட்டிக்கொண்டால் உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் வாரம் வழக்கமான சோதனைகள். மலேரியா இல்லை, டைஃபாய்டு இல்லை, காசநோய்க்கான அறிகுறி இல்லை. ஹீமோகுளோபின் 9. உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் இ.எஸ்.ஆர். என்ற ரத்தச் சோதனை அளவு 90-ஐத் தாண்டியிருந்தது. ஸ்கேனில் மண்ணீரல் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. சிறுநீரில் கண்ணுக்குத் தெரியாத அளவில் ரத்தமும் புரதமும் இருந்தன. பொது மருத்துவப் பிரிவில் ஐந்து நாள் ஊசி வழியாக ஆன்டிபயாடிக் போட்டார்கள். காய்ச்சல் அப்படியே அடங்கியது. சரி, முடிந்தது என்று நினைத்தோம். மருந்தை நிறுத்திய நான்காம் நாள் மறுபடியும் சுட ஆரம்பித்தது.

வார்டில் இருந்த ஜூனியர் டாக்டர் ஒருவர்தான் எனக்குப் பொறுமையாக விளக்கினார். இதற்கென்றே மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டாம், காரணம் தெரியாத காய்ச்சல். 1961-ல் பீட்டர்ஸ்டார்ஃப், பீசன் என்ற இரண்டு மருத்துவர்கள் இதற்கு வரையறை வகுத்தார்கள். 38.3 டிகிரி செல்சியஸுக்கு மேல் பலமுறை காய்ச்சல் வர வேண்டும், மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்க வேண்டும், ஒரு வாரம் மருத்துவமனையில் வைத்துப் பார்த்தும் காரணம் பிடிபடாமல் இருக்க வேண்டும். பெரும்பாலும் மூன்று கூடைகளில் ஒன்றில் விழும் என்றார்: கிருமித்தொற்று, புற்றுநோய், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய்கள். எந்தக் கூடை என்பதில்தான் சண்டை.

மூட்டு வலியும் இருந்ததால், வாதநோயைக் கண்டறிய எடுக்கும் ருமட்டாய்டு ஃபேக்டர் என்ற ரத்தச் சோதனை செய்தார்கள். பாசிட்டிவ். உடனே வாதநோய்ப் பிரிவின் தலைமை மருத்துவர் வந்தார். இது மூன்றாவது கூடைதான், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீராய்டு ஆரம்பிக்கலாம் என்று எழுதினார். பொது மருத்துவத் தலைமை மருத்துவர் அதற்குக் கீழேயே, இப்போது தேவையில்லை என்று எழுதினார். சிறுநீரகப் பிரிவு, சிறுநீரகத்திலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி செய்தால்தான் தெரியும் என்றது. இதயப் பிரிவு எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்து, வால்வில் லேசான கசிவு, வேறு எதுவும் இல்லை என்று எழுதிவிட்டுப் போனது. ஒரே கேஸ் ஷீட்டில் நான்கு கையெழுத்து. நான்கு பேரும் ஒரே கட்டிடத்தில் இருந்தவர்கள். போனை எடுத்து ஒருவர் இன்னொருவரைக் கூப்பிட்டதாகத் தெரியவில்லை.

முதல் இருவருக்கும் நடுவே பழைய பகை இருந்தது வார்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பதவி உயர்வில் தொடங்கியது என்று காதில் விழுந்தது. அதன் உண்மை பொய் எனக்குத் தெரிய வேண்டியதும் இல்லை. ஆனால் விளைவை நேரில் பார்த்தேன். இரண்டு பேரும் வேண்டுமென்றே வெவ்வேறு நேரத்தில் ரவுண்ட்ஸ் வருவார்கள். ஒருவர் போன பிறகு மற்றவர் வந்து, "அவர் என்ன சொன்னார்?" என்று எங்களைக் கேட்பார். பன்னிரண்டாம் நாள் ஸ்டீராய்டு மாத்திரை மருந்தகத்திலிருந்து வந்துவிட்டது. கொடுக்கச் சொல்லி ஒரு கையெழுத்து, நிறுத்தி வைக்கச் சொல்லி இன்னொரு கையெழுத்து. செவிலியர் அந்த மாத்திரையை மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "நான் யார் சொல்வதைக் கேட்க? தப்பானால் மாட்டுவது நான்தானே." அவர் கண் கலங்கியிருந்தது.

இங்கே நான் செய்த ஒரு தவறையும் சொல்ல வேண்டும். கேட்கிறாரே என்று, ஒரு நாள் வாதநோய் மருத்துவரிடம், "ஸ்டீராய்டு வேண்டாம் என்று அந்த டாக்டர் சொல்கிறார்" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் இறுகிவிட்டது. அடுத்த இரண்டு நாள் அண்ணனைப் பார்க்கவே வரவில்லை. அதற்கப்புறம் யார் கேட்டாலும், "அவர் எழுதியிருக்கிறார், நீங்களே அவரிடம் பேசினால் எங்களுக்குத் தைரியமாக இருக்கும்" என்று மட்டும் சொன்னேன். ஒருவரின் சொல்லை இன்னொருவரிடம் கொண்டுபோகும் வேலையை நோயாளியின் வீட்டார் செய்யவே கூடாது.

விஷயம் திரும்பியது ஒரு பிளாஸ்டிக் பையால். அண்ணி வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய சீட்டுகளும் மாத்திரை அட்டைகளும் அதில் இருந்தன. ராத்திரி தூக்கம் வராமல் அவற்றைத் தேதிவாரியாக அடுக்க ஆரம்பித்தேன். அட்டைகளில் இரண்டு, ஆன்டிபயாடிக். முதல் அட்டையில் பத்துக் குழியும் காலி. இரண்டாவதில் ஒரே ஒரு மாத்திரை மட்டும் மீதி. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று எண்ணிப் பார்த்தால், கடைசியாகப் போட்டது மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய ராத்திரி. அண்ணனை எழுப்பிக் கேட்டேன். ஆமாம், அந்த மாத்திரை போட்டால் நாலு நாள் நன்றாக இருக்கும், அப்புறம் மறுபடி வரும் என்றார். பல் ஈறு வீங்கியபோது பல் மருத்துவரிடம் போனதையும் அப்போதுதான் சொன்னார். காய்ச்சல் தொடங்குவதற்குக் கொஞ்ச நாள் முன்பு ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருக்கிறார்கள். "பல்லுக்கும் காய்ச்சலுக்கும் என்ன சம்பந்தம்னு யாரிடமும் சொல்லலை" என்றார். சின்ன வயதில் ஒரு டாக்டர் இதயத்தில் ஏதோ சத்தம் கேட்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்னதை அம்மா சொல்லி எனக்கே நினைவிருந்தது. நானும் அதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

காலையில் அந்த ஜூனியர் டாக்டரிடம் அட்டைகளைக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அண்ணனின் இடது கையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். மோதிர விரல் நகத்துக்குள், நீளவாக்கில், சிராய் ஏறியது போல ஒரு மெல்லிய பழுப்புக் கோடு. பக்கத்து விரலிலும் ஒன்று. "போன வாரமே பார்த்தேன். எழுதினேன். யாரும் கண்டுகொள்ளவில்லை" என்றார்.

அந்தக் கோட்டையும் அட்டைகளையும் சேர்த்துப் பார்த்து அவர் சந்தேகப்பட்டது இதயத்தின் உள்ளுறையில், குறிப்பாக வால்வுகளில், கிருமி ஒட்டிக்கொண்டு வளரும் எண்டோகார்டைட்டிஸ். வாயில் சாதாரணமாக இருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைக் கிருமிகள் பல் ஈறு வழியாக ரத்தத்தில் கலந்து, ஏற்கெனவே கோளாறு உள்ள வால்வில் ஒட்டிக்கொள்ளும். வாரக்கணக்கில் மெதுவாக வளரும். அதற்கு எதிராக உடம்பு காட்டும் எதிர்வினையால் ருமட்டாய்டு ஃபேக்டர் பாசிட்டிவ் ஆகலாம், சிறுநீரகம் அழற்சி கண்டு சிறுநீரில் ரத்தம் வரலாம். இந்த நோயை முடிவுசெய்ய 1994-ல் வகுத்த டியூக் அளவுகோலின் துணைப் பட்டியலிலேயே இந்த இரண்டும் இருக்கின்றன என்று தன் போனில் எடுத்துக் காட்டினார். வாதநோய்ப் பிரிவும் சிறுநீரகப் பிரிவும் தங்கள் நோய் என்று பிடித்துக்கொண்டிருந்த இரண்டும் ஒரே பட்டியலில் இருந்தன.

அப்படியென்றால், ரத்தத்தை எடுத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பிளட் கல்ச்சரில் ஏன் வரவில்லை? அதுதான் எல்லோரும் சொன்ன வாதம்: கல்ச்சர் நெகட்டிவ், எக்கோவில் லேசான கசிவைத் தவிர எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கல்ச்சர் சேர்ந்த அன்று காலையில் ஒரே ஒரு தடவை எடுத்தது. முந்தைய ராத்திரிவரை ஆன்டிபயாடிக் போட்டவரின் ரத்தத்தில் கிருமி வளராமல் போவதில் ஆச்சரியமில்லை. அந்த மாத்திரை விவரம் கேஸ் ஷீட்டில் எங்குமே இல்லை. மார்பின் மேல் வைத்து எடுக்கும் எக்கோவில், வால்வில் கிருமி வளர்ந்து உண்டாகும் சிறிய கட்டிகள் தப்பிவிடலாம். உணவுக்குழாய் வழியாக உள்ளே விட்டு எடுக்கும் எக்கோ, இதயத்துக்கு நேர் பின்னாலிருந்து பார்ப்பதால், இன்னும் தெளிவாகக் காட்டும். "நான் கேட்டால், எக்கோ எடுத்தவரைச் சந்தேகப்படுவதாக ஆகிவிடும். நீங்கள் கேளுங்கள்" என்றார். அவர் குரலில் இருந்த பயத்தை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது. சரியான கேள்வி அவரிடம் இருந்தது, கேட்கும் உரிமை இல்லை.

அன்று மதியம் ஒரே ஒரு பக்கத்தில் எல்லாவற்றையும் தேதிவாரியாக எழுதினேன். பல் பிடுங்கிய நாள், காய்ச்சல் தொடங்கிய நாள், ஒவ்வொரு ஆன்டிபயாடிக்கும் ஆரம்பித்த நாள், நிறுத்திய நாள், காய்ச்சல் இறங்கி மறுபடி ஏறிய நாள், கல்ச்சர் எடுத்த நாள், சின்ன வயது இதயச் சத்தம், நகத்துக் கோடு. நோயின் பெயரை எழுதவில்லை, யார் சொன்னது சரி என்றும் எழுதவில்லை. நான்கு நகல் எடுத்து நான்கு பேருக்கும் ஒரே மாதிரி கொடுத்தேன். அப்புறம் மருத்துவமனை நிர்வாகத்திடம் போய், எங்களுக்குப் புகார் எதுவும் இல்லை, நான்கு பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து எங்களோடு பேச வேண்டும், அவ்வளவுதான் என்று எழுதிக் கொடுத்தேன். பின்னாளில் தெரிந்தது, இது அதிகப்படியான கோரிக்கையே இல்லை. 2015-ல் ஐரோப்பிய இதயவியல் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதலே, இந்த நோய்க்கு இதய மருத்துவர், அறுவை மருத்துவர், தொற்றுநோய் மருத்துவர் எல்லோரும் ஒரு குழுவாக முடிவெடுக்க வேண்டும் என்கிறது.

மறுநாள் ஒரு சின்ன அறையில் கூடினார்கள். முதல் ஐந்து நிமிடம் யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் கேட்டது இரண்டே கேள்வி. "இன்னும் முழுதாக விலக்காத நோய் எது?" "இது கிருமியாக இருந்து, நாம் ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால் என்ன ஆகும்?" இரண்டாவது கேள்விக்கு வாதநோய் மருத்துவர் உடனே பதில் சொல்லவில்லை. என் தாளை மறுபடியும் படித்தார். பிறகு பொது மருத்துவரைப் பார்த்து, "முந்தைய ராத்திரி வரைக்கும் ஆன்டிபயாடிக்கா? இது எனக்குத் தெரியாது" என்றார். அவர், "எனக்கும் தெரியாது" என்றார். அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் முறை. ஸ்டீராய்டையும் பயாப்ஸியையும் தள்ளிவைத்தார்கள். எந்த முடிவாக இருந்தாலும் பொது மருத்துவர் மட்டுமே உத்தரவு எழுதுவார், மற்றவர்கள் அவரிடம் சொல்வார்கள் என்றும் முடிவானது. செவிலியருக்குத்தான் பெரிய நிம்மதி.

ஆன்டிபயாடிக் நிறுத்தி ஏழெட்டு நாள் ஆகியிருந்தது நல்லதாகப் போயிற்று. வெவ்வேறு இடத்தில் குத்தி, இடைவெளி விட்டு மூன்று தடவை ரத்தம் எடுத்தார்கள். இரண்டாம் நாள் மூன்றிலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வளர்ந்தது. அடுத்த நாள் தொண்டையில் மரத்துப்போகும் மருந்தை அடித்து, அந்த இன்னொரு எக்கோவை இதய மருத்துவரே எடுத்தார். முடித்துவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். இதயத்தின் இடப்பக்கம் இருக்கும் மைட்ரல் வால்வின் ஓரத்தில் நூல் துணுக்கு மாதிரி ஏதோ ஒன்று, ஒவ்வொரு துடிப்புக்கும் படபடவென்று ஆடிக்கொண்டிருந்தது. எட்டு மில்லிமீட்டர். "முதல் தடவை இது எனக்குத் தெரியவில்லைம்மா" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

நான்கு வாரம் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக். அதில் சொல்லும்படி ஒன்றும் இல்லை, கேனுலா மாற்றும்போது அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொள்வார், அவ்வளவுதான். முதல் வாரத்திலேயே காய்ச்சல் நின்றது. மறுபடி எடுத்த கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. வால்வு தாக்குப்பிடித்ததால் அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. கடைசி வாரத்தில் வாதநோய் மருத்துவர் தானாகவே வந்து ருமட்டாய்டு ஃபேக்டரை மறுபடி சோதிக்கச் சொன்னார். நெகட்டிவ். சிறுநீரிலும் ரத்தம் இல்லை. அந்த ரிப்போர்ட்டை அவரே எடுத்துக்கொண்டு பொது மருத்துவரின் அறைக்கு நடந்து போனதை நான் வராந்தாவிலிருந்து பார்த்தேன்.

டிஸ்சார்ஜ் அன்று அந்த ஜூனியர் டாக்டரைத் தேடினேன், டியூட்டி மாறிப் போயிருந்தார். டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் நகத்துக் கோட்டை முதலில் கவனித்தது அவர்தான் என்று எழுதச் சொல்லிக் கேட்டேன். அப்படி எழுதும் வழக்கமில்லை என்றார்கள். நிர்வாகத்துக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதி, அவர் பெயரையும் அந்தச் செவிலியரின் பெயரையும் குறிப்பிட்டேன்.

அண்ணன் பர்ஸில் இப்போது ஒரு சின்ன அட்டை இருக்கிறது. ஒரு தடவை இந்த நோய் வந்தவருக்குப் பல் பிடுங்குவது போன்ற சிகிச்சைக்கு முன்பு ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டும் என்று அதில் எழுதி, இதய மருத்துவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். போன மாதம் இன்னொரு பல் ஆட ஆரம்பித்தது. பல் மருத்துவர் நாற்காலியைச் சாய்ப்பதற்குள் அண்ணன் அந்த அட்டையை எடுத்து நீட்டிவிட்டாராம்.