26 கிலோ மூட்டையும் மூன்றாம் மாடியும்

2022 ஜூலைக்கு முன்பு எங்கள் வண்டியில் ஏறிய அரிசி மூட்டை 25 கிலோ. 25 கிலோ வரை பொட்டலமிட்டு விற்கும் அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி என்று வந்ததும், ஆலைக்காரர்கள் ஒரு கிலோ கூட்டி 26 ஆக்கிவிட்டார்கள். வாங்குகிறவருக்கு வரி மிச்சம். சென்னையில் குட்டியானை ஓட்டி மளிகையும் பார்சலும் வீடு வீடாகக் கொடுக்கிறவன் நான். அந்த வரிச் செய்தி எனக்குக் கழுத்து வழியாகத்தான் வந்து சேர்ந்தது.

தொழிலாளர் உடல்நலத்தை ஆராயும் அமெரிக்க அரசு அமைப்பான நையோஷ், சுமை தூக்குவதற்கென்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது. எல்லாம் சாதகமாக அமைந்தால், அதாவது தொங்கவிட்ட கையின் உயரத்தில், உடம்புக்கு அருகில், நல்ல பிடியோடு, எப்போதாவது ஒரு முறை தூக்கினால், 23 கிலோ வரை சரி என்கிறது. தரையிலிருந்து எடுத்தால் அந்த அளவு குறையும். உடம்பைத் திருப்பி எடுத்தால் குறையும். அடிக்கடி எடுத்தால் இன்னும் குறையும். சுமந்துகொண்டு படியேறுவது அந்தக் கணக்கிலேயே கிடையாது. எங்கள் மூட்டையோ தொடக்கத்திலேயே மூன்று கிலோ அதிகம்.

இருந்தாலும் அந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. எடையைக் குறைக்க என்னால் முடியாது. உயரம், தூரம், திரும்பும் கோணம் மூன்றையும் ஓரளவு நானே தீர்மானிக்கலாம். அதையும் காலையில் கிடங்கில் வண்டி ஏற்றும்போதே தீர்மானித்துவிட வேண்டும். வாடிக்கையாளர் வீட்டு வாசலில் போய் யோசிப்பதில் பயனில்லை.

பெரும்பாலோர் வழித்தட வரிசையை மட்டும் பார்த்து அடுக்குவார்கள். கடைசியாக இறக்க வேண்டியது முதலில் உள்ளே போகும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மூடிய பெட்டி வைத்த வண்டிக்குள் நிமிர்ந்து நிற்க முடியாது. அங்கே ஆழத்தில் கிடக்கும் மூட்டையை எடுக்க, குனிந்து போய், குனிந்தே இழுத்து, குனிந்தபடி திரும்ப வேண்டும். அதனால் கனமானவை எந்தத் தெருவுக்குப் போனாலும் பின்கதவின் ஓரத்தில்தான் வைக்கிறேன். வண்டித் தளம் ஏறக்குறைய தொடை உயரத்தில் இருக்கிறது. கீழே நின்றபடியே மார்போடு அணைத்து எடுத்துவிடலாம். நடுத்தரப் பெட்டிகள் அவற்றுக்குப் பின்னால், காலி பிளாஸ்டிக் கிரேட்டுகளின் மேல். சிறு உறைகள் மேலே, பைகளில். இப்படி அடுக்கக் காலையில் கூடுதல் நேரம் பிடிக்கிறது. மேற்பார்வையாளர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். பார்க்கட்டும்.

பெட்டியில் ஒட்டியிருக்கும் எடையை நம்புவது ஆபத்து. கூரியர் தொழிலில் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்து எடை போடுகிற வழக்கம் உண்டு. இடத்தை அடைக்கும் பொருளுக்குக் கட்டணம் வசூலிக்க அந்த வழி. எனவே பெரிய தலையணைப் பெட்டியில் பயமுறுத்தும் எண் இருக்கும், தூக்கினால் பஞ்சு. உள்ளங்கையளவு பெட்டிக்குள் இரும்புத் தம்புள்ஸ் இருக்கும். லேசு என்று நினைத்துக் கை வைக்கும்போதுதான் முதுகு பிடித்துக்கொள்கிறது, ஏனென்றால் தசைகள் அதற்குத் தயாராக இல்லை. எந்தப் பெட்டியானாலும் முதலில் ஒரு மூலையை மட்டும் சற்றே சாய்த்துப் பார்ப்பேன். அரை நொடி வேலை.

மூட்டை தூக்கக் கற்றுக்கொடுத்தவர் கோயம்பேட்டில் சுமை தூக்கும் ஓர் அண்ணன். "மூட்டையை நீ தூக்காதே தம்பி, அதை உன் மேல் சாய விடு" என்பார். மூட்டையை வண்டி ஓரத்தில் செங்குத்தாக நிறுத்த வேண்டும். அதற்கு முதுகைக் காட்டி, முழங்காலைக் கொஞ்சம் மடித்து, மேல்முதுகை அதன் மேல் பதிக்க வேண்டும். மேல் மூலைகள் இரண்டையும் தோளுக்கு மேலாகப் பிடித்துக்கொண்டு, இடுப்பை வளைக்காமல் காலால் எழுந்தால் மூட்டை தானாக முதுகில் ஏறிவிடும். இதில் மந்திரம் ஒன்றுமில்லை. உடம்பை நிமிர்த்தும் முதுகுத் தசை, முதுகெலும்புகளுக்கு இடையே இருக்கும் வட்டிலிருந்து (டிஸ்க்) ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. பத்து கிலோவை அரை மீட்டர் முன்னால் நீட்டிப் பிடித்தால், அந்தத் தசை அதைப் போல் பத்து மடங்கு இழுத்தாக வேண்டும். சும்மாடு கட்டித் தலையில் சுமப்பவர்களுக்கும் இதே கணக்குதான் உதவுகிறது: பாரம் முதுகெலும்புக்கு நேர்மேலே இருக்கிறது.

லிஃப்ட் இல்லாத பழைய குடியிருப்புகளின் மூன்றாம் மாடிதான் சோதனை. மூச்சு வாங்கும்போது மூட்டையைத் தரையில் இறக்கிவிட்டால், மறுபடி தரையிலிருந்து எடுக்க வேண்டும். அதற்கு இறக்காமலே ஏறிவிடலாம். நம் ஊர்ப் பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்களைப் பார்த்திருப்பீர்கள். யார் உதவியும் இல்லாமல், குனியாமல் இறக்கி, குனியாமல் மறுபடி ஏற்றிக்கொள்கிற உயரம். கர்ப்பிணியாக இருக்கும்போதே இறந்த பெண்களின் நினைவாக நட்டவை பல. உயரத்தை அவ்வளவு சரியாகக் கணித்தவர்கள் சுமையை அறிந்தவர்கள்தான். குடியிருப்புகளில் எனக்கு அந்தக் கல்லாக உதவுவது படிக்கட்டுத் திருப்பத்தின் அகலமான கைப்பிடிச் சுவர், கீழே நிற்கும் ஸ்கூட்டர் இருக்கை. எந்தக் கட்டடத்தில் எது இருக்கிறது என்பது மனப்பாடம். (ஸ்கூட்டர்காரர்கள் மன்னிக்க.)

இடுப்பு பெல்ட் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். 160 கடைகளில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களிடம் நடத்தி நையோஷ் 2000இல் வெளியிட்ட ஆய்வு, பெல்ட் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் முதுகுக் காயத்தில் வேறுபாடு காணவில்லை. நான் போடுவதில்லை. நம் வெயிலில் அது வியர்க்குரு வளர்க்கத்தான் உதவும்.

வண்டியிலிருந்து குதித்து இறங்குவது, நெடுநேரம் ஓட்டிவிட்டு இறங்கியவுடன் பின்கதவைத் திறந்து குனிவது, இவை இரண்டையும் விட்டுவிட்டேன். உட்கார்ந்து அதிர்ந்த முதுகெலும்புக்கு நிமிர ஓரிரு நிமிடம் வேண்டும். அந்த நேரத்தில் நின்றுகொண்டே வாடிக்கையாளரை அழைத்து வழி கேட்டுக்கொள்கிறேன். காலையில் படுக்கையை விட்டு எழுந்த முதல் ஒரு மணி நேரம் வட்டுகள் நீர் ஊறி இறுகியிருக்கும் என்கிறார்கள் மருத்துவர்கள். அப்போது ஆழமாகக் குனிவதைத் தவிர்க்கிறேன்.

இதெல்லாம் ஒரு தனி ஆள் செய்துகொள்கிற சமாளிப்பு. எத்தனை பொருள் கொடுத்தாய் என்று எண்ணும் செயலிக்கு எத்தனை மாடி ஏறினாய் என்று தெரியாது. தரைத்தளத்துக் கடிதமும் மூன்றாம் மாடி அரிசியும் அதற்கு ஒன்றுதான். இதைக் கூட்டத்தில் நாங்கள் பலமுறை சொல்லியாயிற்று. கிடைத்தது ஒன்று: கிடங்கில் பார்சல்களைத் தரையில் குவிக்காமல் இடுப்பு உயர மேசைகளில் பிரிக்கிறார்கள். பக்கத்துக்கு மூன்று சக்கரம் வைத்த, படியேறும் தள்ளுவண்டி கேட்டிருக்கிறோம். விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார்களாம்.