மின்சாரத்தை யாரிடம் வாங்குவது?

மதுரையில் இருந்தவரை எங்களுக்கு மின்வாரியம் ஒன்றுதான். இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுப்பார்கள், முதல் 100 யூனிட் இலவசம். சிங்கப்பூரின் செங்காங்கில் வாடகை வீட்டுக்குக் குடிவந்த பிறகுதான், 2018 ஏப்ரலில் ஜூரோங்கில் சோதனை முறையில் தொடங்கி மறு ஆண்டு மே மாதத்துக்குள் தீவு முழுவதும் விரிந்த திறந்த மின்சாரச் சந்தையில் விற்பனையாளரை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்று அறிந்தேன்.

யாரிடம் வாங்கினாலும் மின்சாரம், நாட்டின் மின்கட்டமைப்பை நடத்தும் எஸ்பி குழுமத்தின் கம்பிகள் வழியாகவே வருகிறது; மாறுவது விலைதான். நிலையான விலைத் திட்டத்தில் ஒப்பந்தக் காலம் முழுவதும் ஒரே விலை. தள்ளுபடித் திட்டமோ, விற்பனையாளரைத் தேர்ந்தெடுக்காதவர்களுக்கு எஸ்பி விதிக்கும் கட்டணத்தில் குறிப்பிட்ட விழுக்காட்டைக் குறைப்பது; அந்தக் கட்டணத்தைப் பின்பற்றுவதால் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மாறக்கூடியது. இங்கே ஏறத்தாழ 95 விழுக்காடு மின்சாரம் இயற்கை எரிவாயுவில் உற்பத்தியாவதால், உலகச் சந்தையில் எரிவாயு விலை ஏறினால் எஸ்பி கட்டணமும் ஏறும்.

"விலையை மட்டும் பார்க்காதீங்க தம்பி" என்றார் கீழ்த்தளத்து அக்கா. 2021 அக்டோபரில் சில விற்பனையாளர்கள் சந்தையைவிட்டு விலகியபோது அவருடைய விற்பனையாளரும் விலகிவிட்டாராம். கணக்கு எஸ்பிக்கு மாறியது, விளக்கு ஒரு நிமிடமும் அணையவில்லை, ஆனால் அவர் நம்பியிருந்த மலிவான விலை போய்விட்டது.

அன்றிரவு ஒவ்வொரு திட்டத்தின் விவரத் தாளையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி, பொருள் சேவை வரி விலையில் சேர்ந்துள்ளதா, முன்வைப்புத் தொகை உண்டா, இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று பென்சிலால் கோடிட்டேன். வாடகை ஒப்பந்தத்தில் 14 மாதங்களே எஞ்சியிருந்ததால், 24 மாதத் திட்டம் சற்று மலிவாக இருந்தும் 12 மாத நிலையான விலையையே எடுத்தேன்.