இரண்டு பைட் நிரலும் நான்கு இயங்குதளங்களும்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி கழித்துப்போட்ட பென்டியம் கணினியை வாங்கி வந்து, ஈரோட்டு வீட்டில் வைத்து, வெவ்வேறு காலத்து இயங்குதளங்களை ஏற்றிப் பார்த்து வருகிறேன். திரையின் அழகை ஒப்பிடுவது என் நோக்கமன்று. ஒரு நிரல் முடிவில்லாமல் சுற்றத் தொடங்கினால் இயங்குதளம் அதை என்ன செய்கிறது என்பதையே ஒவ்வொன்றிலும் சோதித்தேன்.

முதலில் ஃப்ரீடாஸ்; பழைய டாஸ் இயங்குதளத்தின் இலவச வடிவம் இது. நிரலைப் பைட் பைட்டாக எழுத உதவும் டிபக் கருவியில் ஈபி, எஃப்ஈ என்னும் இரண்டே பைட்டை எழுதி, டாஸ் நேரடியாக ஓட்டக்கூடிய காம் கோப்பாகச் சேமித்தேன். நின்ற இடத்துக்கே மீண்டும் தாவு என்பதுதான் அந்தக் கட்டளை. ஓட்டியதும் எல்லாம் உறைந்தது. கர்சர் மின்னிக்கொண்டிருந்தது, நம்லாக் விளக்கும் எரிந்து அணைந்தது, ஆனால் நிரலை நிறுத்தும் கன்ட்ரோல்-சி பலிக்கவில்லை. தொடர்ந்து தட்டினால், 15 விசைகள் சேர்ந்த பிறகு பீப் ஒலி மட்டும் வந்தது. விசைகளைக் கணினிப் பலகையிலேயே பதிந்துள்ள பயாஸ் என்னும் அடிப்படை மென்பொருள் வாங்கி வைக்கிறது; அவற்றை எடுத்துப் பார்க்க வேண்டிய டாஸுக்குத்தான் முறையே வரவில்லை.

1992-இல் வந்த விண்டோஸ் 3.1-இலும், இதே சுழற்சியை சி மொழியில் எழுதி ஓட்டியபோது, மவுஸ் அம்பு நகர்ந்ததே தவிர ஒரு சாளரமும் அசையவில்லை. அங்கே ஒரு நிரல் தானாக விட்டுக்கொடுத்தால்தான் அடுத்ததற்கு முறை கிடைக்கும். விண்டோஸ் 95-இல் 32 பிட் நிரலாக மாற்றி ஓட்டினேன்; நிரல்களைக் கேட்காமல் இயங்குதளமே முறையை மாற்றிக் கொடுப்பதால் மற்றவை தொடர்ந்து வேலை செய்தன.

என்னை வியக்க வைத்தது 1975-ஆம் ஆண்டின் யூனிக்ஸ் ஆறாம் பதிப்பு. அது ஓடிய பிடிபி-11 என்னும் அன்றைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் சிம்ஹெச் மென்பொருளை மடிக்கணினியில் நிறுவி அதை ஓட்டினேன். தட்டிய எழுத்தை அழிக்க ஹேஷ் குறியைத் தட்ட வேண்டும், ஏனெனில் அன்று கணினியோடு பேசப் பயன்பட்ட தட்டச்சு முனையங்கள் பலவும் காகிதத்தில் அச்சிட்டன, அச்சானதை அழிக்க வழியில்லை. அதே சுழற்சி நிரலைப் பின்னணியில் ஓட விட்டதும், யூனிக்ஸ் அதன் எண்ணைச் சொல்லிவிட்டு அடுத்த கட்டளைக்குக் காத்திருந்தது. கில் கட்டளையுடன் அந்த எண்ணைக் கொடுத்தேன், நிரல் ஒழிந்தது. சோமனூர் விசைத்தறிக் கொட்டகையில் ஒரு தறியில் நூல் அறுந்தால் அந்தத் தறி மட்டும் நிற்குமே, அதுபோல.

ஆக, 1995-இல் விண்டோஸ் ஓடும் வீட்டுக் கணினிக்குப் புதுமையாக வந்தது, இருபது ஆண்டுகளுக்கு முன்பே பெரிய கணினிகளில் இருந்தது. இயங்குதளங்கள் படிப்படியாக வளர்ந்தன என்று பொதுவாகச் சொல்வதை என்னால் இனி ஏற்க முடியாது. விலை மலிந்த கணினி வந்தபோது சில வசதிகள் கைவிடப்பட்டுப் பின்னர் மீட்கப்பட்டன. ஓடும் நிரலை இடைமறித்து இயங்குதளத்திடம் கட்டுப்பாட்டைத் தரவல்ல கடிகாரக் குறுக்கீடு 1981-இன் ஐபிஎம் பிசியிலும் நொடிக்கு 18.2 முறை வந்தது. டாஸ் அதைக்கொண்டு நேரம் பார்த்ததே தவிர நிரல்களை மாற்றவில்லை. அப்படி மாற்றியிருந்தாலும், ஒரு நிரல் இன்னொன்றின் நினைவகத்தில் எழுதுவதைத் தடுக்கும் அமைப்பு அதன் 8088 செயலியில் இல்லை. அந்த வரிசைச் செயலிகளில் இன்டெல் அதை 1982-இன் 80286-இல்தான் கொண்டுவந்தது.

குறுக்கீடு வந்தால் எங்கே போக வேண்டும் என்று சொல்லும், நினைவகத்தின் தொடக்கத்தில் உள்ள குறுக்கீட்டு அட்டவணையை வேண்டுமென்றே அழித்து, ஒவ்வொரு இயங்குதளமும் எப்படித் தாங்குகிறது என்று பார்ப்பது அடுத்த சோதனை.