குழாயை எங்க வைக்கிறதுன்னு மூணு மாசம் சண்டை போட்ட கதை

எங்க தெருப் பக்கத்துல சும்மா கெடந்த ஒரு மனைய, காய்கறி போடுற தோட்டமாவும் நாலு பேரு கூடி உட்கார்ற இடமாவும் மாத்தலாம்னு ஆரம்பிச்சோம். டிசைன்தான் இருக்குறதுலயே ஈஸின்னு நெனப்பு. நடுவுல ஒரு வேலி, அந்தப் பக்கம் செடி, இந்தப் பக்கம் பெஞ்சு, முடிஞ்சுது. பிளானைக் காட்டுனப்ப ஒரு அக்கா எட்டிப் பார்த்துட்டு "தண்ணிக் குழாய் எங்கப்பா?"ன்னாங்க. யாருமே வரையல.

சரின்னு முதல்ல இருந்து வந்தோம். ஒரு லீவு நாள் காலைல இருந்து சாயங்காலம் வரை ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா நிழல் எங்க விழுதுன்னு சுண்ணாம்புப் பொடியால கோடு போட்டோம். தக்காளி, கத்திரி மாதிரி காய்க்குற செடிக்கு 6 - 8 மணி நேர வெயில் வேணும், கீரை அதுல பாதி இருந்தாலும் சமாளிச்சுக்கும். பார்த்தா நாங்க செடிக்குன்னு ஒதுக்குன பாதி மத்தியானத்துக்கு மேல பக்கத்து பில்டிங் நிழல்ல முங்கிடுது, பெஞ்சு போட நெனச்ச பாதில வெயில் மண்டையப் பொளக்குது. மொத்த பிளானும் தலைகீழ்.

அப்புறம் மண் டெஸ்ட். இத மட்டும் யாரும் ஸ்கிப் பண்ணிடாதீங்க. மூலைக்கு மூலை தனித்தனியா சாம்பிள் எடுத்ததாலதான் தெரிஞ்சுது, முன்னாடி பெயிண்ட் அடிச்ச பழைய வீடு ஒண்ணு இடிச்ச மூலைல மட்டும் ஈயம் (lead, உடம்புக்கு விஷம்) அதிகம்னு. பழைய பெயிண்ட்ல ஈயம் கலந்திருப்பாங்க, அது மக்கிப் போற சமாச்சாரம் இல்ல, வருஷக்கணக்கா மண்ணுலயே கெடக்கும். கீரை, கிழங்குல ஒட்டிக்கிட்டும் வரும், புள்ளைங்க கை வழியா வாய்க்கும் போகும். நல்லவேளை அது நிழல் விழுற மூலை, கல்லு பாவி அதையே கூடுற இடமாக்கிட்டோம். மத்த இடத்துல சுத்திப் பலகை அடிச்சு, வெளி மண்ணு கொண்டுவந்து கொட்டி மேட்டுப் பாத்தி.

பாத்தி அகலம் 4 அடி, ரெண்டு பக்கமும் நின்னு கை நீட்டுனா நடுவு எட்டணும், அவ்ளோதான் கணக்கு. நீளத்துலதான் கோட்டை விட்டோம். அழகா இருக்கும்னு 20 அடி வச்சோம், ஒருத்தரும் சுத்திப் போகல, எல்லாரும் பாத்திய மிதிச்சுத் தாண்டிப் போனாங்க, போதாக்குறைக்கு முதல் பெரிய மழைல ஈர மண்ணு கனத்துல பலகை வயிறு மாதிரி பிதுங்கிடுச்சு. பாதியா வெட்டி நடுவுல வழி விட்டோம். மெயின் பாதை 5 அடி, ரெண்டு வீல்சேர் எதிரெதிர வந்தாலும் போகணும்ல.

பலகைய எடுத்துட்டு செங்கல்ல கட்டுறப்பதான் உருப்படியான ஐடியா ஒண்ணு வந்துச்சு. பாத்திச் சுவர் உயரம் 45 சென்டிமீட்டர், மேல ஒரு அடி அகலம். அதாவது திண்ணை. களை புடுங்குறவங்களும் அதுலதான் உட்காருறாங்க, கதை பேச வர்றவங்களும் அதுலதான். கதை பேச வந்த கையே சும்மா இருக்க முடியாம நாலு களைய புடுங்குது. வேலிங்கிற பேச்சே போயிடுச்சு.

கூடுற மூலைல பெஞ்சு பதிக்கல, சும்மா பிளாஸ்டிக் நாற்காலிதான். 1970கள்ல நியூயார்க்ல வில்லியம் வைட்னு ஒருத்தர் ஜனங்க பொது இடத்துல எப்படி உட்கார்றாங்கன்னு கேமரா வச்சுப் பார்த்தாரு. நாற்காலிய நகர்த்த முடிஞ்சா, உட்கார்றதுக்கு முன்னாடி சும்மாவாச்சும் கொஞ்சம் நகர்த்திட்டுத்தான் உட்கார்றாங்கன்னு கவனிச்சாரு. எங்க இடத்துலயும் அதேதான், நிழல் நகர நகர நாற்காலியும் நகருது.

கம்போஸ்ட் குழிய மட்டும் கூடுற மூலைக்குப் பக்கத்துல வச்சு வாங்கிக் கட்டிக்கிட்டோம். பச்சைக் கழிவு அதிகமாகி நாத்தம் எடுத்துச்சு, காஞ்ச இலை நிறைய கலந்ததும் அடங்கிடுச்சு, ஆனாலும் கடைசி மூலைக்குத் தள்ளிட்டோம்.

குழாய்? விவசாயக் கோஷ்டி பாத்திக்குப் பக்கத்துல கேட்டுச்சு, மத்தவங்க கால்ல சேறாகும்னாங்க. கடைசில ரெண்டுக்கும் நடுவுல வச்சு, அடில ஜல்லி போட்டு உறிஞ்சு குழி தோண்டினோம். இப்ப வாளி நிறையுற வரைக்கும் நின்னு பேசுற கூட்டம்தான் அந்த மூலைக் கூட்டத்தவிடப் பெருசு. ரெண்டாவது குழாய் போடணும்னு இப்ப பேச்சு வந்திருக்கு, எங்கன்னு கேட்ட அன்னைக்கே சண்டை ஆரம்பிச்சாச்சு.