திருகுகள்ளி நாட்கள்

மார்ச் 3
வலது கண் இன்றும் வெளிச்சத்தைத் தாங்கவில்லை.

மார்ச் 4
அன்று மாடியில் இருக்கும் திருகுகள்ளியில், சாய்ந்திருந்த ஒரே ஒரு கிளையைத்தான் வெட்டினேன். வெட்டுவாயில் பால் பொங்கி வழிந்தது. கையுறை போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில், நெற்றி வியர்வையை அதே கையுறையின் புறத்தால் துடைத்துக்கொண்டேன். கண்ணில் எரிச்சல் இலேசாக இருந்ததால் இரண்டு நிமிடம் மட்டும் கழுவிவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். இரவு பதினொரு மணிக்கு மிளகாய்த்தூள் விழுந்தாற்போல் ஆகிவிட்டது. கருவிழியின் மேல்தோல் உரிந்திருப்பதாகவும், உடனே 15 நிமிடமாவது ஓடும் நீரில் கழுவியிருக்க வேண்டும் என்றும் மருத்துவர் சொன்னார்.

மார்ச் 6
பேத்தி 19ஆம் தேதி வருகிறாள். எதைக் கண்டாலும் ஒடித்துப் பார்க்கிற வயது.

மார்ச் 7
எதிர்வீட்டுக்காரர் இதைச் சப்பாத்திக்கள்ளியின் இனம் என்றே நினைத்திருக்கிறார். சப்பாத்திக்கள்ளியை ஒடித்தால் பால் வராது; முள் குத்துவதோடு சரி. இதற்கு முள்ளே இல்லை, குழந்தையின் விரலைத் தடுக்க எதுவும் இல்லை.

மார்ச் 9
ஊர் வேலியிலிருந்து அம்மா கொண்டுவந்தது ஒரு சாண் குச்சி. வெட்டுவாயில் பால் உறைந்து காயும்வரை ஒரு வாரம் நிழலில் போட்டுவைத்து, மணல் கலந்த மண்ணில் ஊன்றி, வேர் பிடிக்கும்வரை தண்ணீர் ஊற்றவே கூடாது என்று எங்களை மிரட்டி வைத்திருந்தாள். இன்று ஆறடி. 1753இல் சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோதுகூட, 'திருகள்ளி' என்ற நம் பக்கத்துப் பெயரையே எடுத்துக்கொண்டார்.

மார்ச் 10
தூக்கமில்லை. நோபல் பரிசு பெற்ற மெல்வின் கால்வின் இந்தப் பாலிலிருந்து எரிபொருள் எடுக்கலாம் என்றாராம். எரியும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

மார்ச் 13
கண் தெளிந்துவிட்டது. கத்தரியில் காய்ந்திருந்த பால் வெறும் தண்ணீருக்கு அசையவில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்த பிறகே போனது. அந்தக் கையுறையை எறிந்துவிட்டேன்.

மார்ச் 16
தம்பி சாக்குகளோடு வந்தான். கண்ணை முழுவதும் மூடும் கண்ணாடியும் முழுக்கைச் சட்டையும் போடாமல் மாடிக்கு வரக்கூடாது என்று சொல்லி, காற்று முதுகுப் பக்கம் வீசும்படி நிற்கவைத்து, ஒவ்வொரு வெட்டிலும் தண்ணீர் தெளித்துப் பாலை அடக்கினேன். எல்லாம் ஊருக்கே, ஆடு கடிக்காத வேலிக்கே திரும்பிப் போயிற்று. அவன் பார்க்காதபோது ஒரு சாண் குச்சியை எடுத்துப் பரணில் வைத்தேன்.

மார்ச் 18
ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். வெட்டுவாயில் இன்னும் பிசுபிசுப்பு இருக்கிறது.