ஞாயிறு இரவும் சுறாப் படமும்

ஞாயிறு இரவென்றால் வெள்ளவத்தை வீட்டில் எங்களுக்குச் சுறாப் படம்தான். அம்மா அவித்து உதிர்த்த சுறாவைத் தேங்காய்ப்பூவோடு பிரட்டி வறை செய்வார். ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கும் மகள் தேத்தண்ணிக் கோப்பையோடு பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்வாள்.

எத்தனை புதுப் படம் வந்தாலும் எனக்கு 1975இல் வந்த 'ஜோஸ்'தான் மேல். இயந்திரச் சுறா உப்புத் தண்ணீரில் அடிக்கடி பழுதாகிவிட, ஸ்பீல்பேர்க் அதை அதிகம் காட்டாமலே எடுத்த படம். சுறாவோடு கட்டிய மஞ்சள் பீப்பாய் ஒன்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வரும், அவ்வளவுதான், மகள் என் கையை இறுக்கிப் பிடிப்பாள். மிச்சத்தை இசையமைப்பாளர் ஜோன் வில்லியம்ஸின் அந்த இரண்டு சுரங்கள் பார்த்துக்கொள்ளும். கணினியில் செய்த சுறா எவ்வளவு பெரிதாய் வாய் பிளந்தாலும் இந்தப் பயம் வராது.

இந்தக் கிழமை அக்காவின் பிள்ளைகளும் வருகிறார்கள். அவர்கள் இன்னும் இந்தப் படம் பார்க்கவில்லை. எனக்கு இப்பவே சந்தோஷம்!