சுவரில் நின்ற எண்ணெய்க் கோடும் எங்கள் வீட்டுக் காப்பீடும்

மிக்ஜாம் புயல் மழையில், 2023 டிசம்பர் முதல் வாரத்தில், வடசென்னை எர்ணாவூரில் எங்கள் வீட்டுக்குள் புகுந்த தண்ணீர் வடிந்தபோது சுவரெங்கும் ஒரு கறுப்புக் கோட்டை விட்டுச் சென்றது. பக்கிங்காம் கால்வாயில் எண்ணெய் கலந்து வந்த வெள்ளம் அது. காப்பீடு எதுவும் இல்லாததால் தையல் இயந்திரம், பீரோ, மெத்தை என அத்தனை இழப்பும் எங்கள் தலையிலேயே விழுந்தது. அடுத்த வடகிழக்குப் பருவமழைக்குள் காப்பீடு எடுத்தே தீருவது என்று ஜூன் மாதம் தொடங்கிய வேலை, செப்டம்பர் கடைசியில்தான் முடிந்தது.

விண்ணப்பம், சொத்து வரி ரசீது, பட்டா ஆகியவை அரை நாளில் முடிந்தன. நான் கேட்டது பாரத் கிருஹ ரக்ஷா. 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் ஒரே மாதிரியான விதிகளுடன் தரும் வீட்டுக் காப்பீடு அது. வெள்ளப் பாதுகாப்பு அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது, தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டியதில்லை.

கள ஆய்வில்தான் சிக்கல் தொடங்கியது. வந்தவர் வாசற்படி ஏறவே இல்லை. கைப்பேசி வரைபடத்தில், கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரத்துக்கும் எங்கள் தெருவுக்கும் உள்ள தூரத்தைப் பார்த்தார், அஞ்சல் குறியீட்டு எண்ணைக் குறித்துக்கொண்டார், கிளம்பிவிட்டார். பத்து நாள் கழித்து, “வெள்ளம் வராத இடம் என்று அரசு சான்று வாங்கி வாருங்கள்” என்று தொலைபேசியில் சொன்னார்கள்.

அந்தச் சான்றுக்காக ஓர் அலுவலகத்துக்கு இரண்டு முறை அலைந்தேன். முதல் முறை, “பட்டாவில் இருப்பது நகர சர்வே எண்; பழைய சர்வே எண் இல்லாமல் எதுவும் பார்க்க முடியாதம்மா” என்று எழுத்தர் திருப்பி அனுப்பினார். இரண்டு எண்களையும் ஒப்பிட்டுக் காட்டும் தாளை ஒரு வாரம் அலைந்து வாங்கிச் சென்றபோது, உள்ளே இருந்த பொறியாளர்தான் உண்மையைச் சொன்னார்: வெள்ள அபாயம் குறித்த தடையின்மைச் சான்று, புதிய மனைப்பிரிவுக்கோ கட்டடத்துக்கோ திட்ட அனுமதி கோரும்போது கேட்கப்படுவது, ஏற்கெனவே குடியிருக்கும் வீட்டுக்கு அப்படியொரு சான்று கிடையாது. எழுத்தர் இதை முதல் நாளே சொல்லியிருந்தால் எனக்கு இரண்டு நாள் கூலி மிஞ்சியிருக்கும். அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

எங்கள் பகுதிக்கு வெள்ளம் எப்படி வருகிறது என்பதை ஆற்றிலிருந்து உள்ள தூரம் சொல்லாது. பூண்டி ஏரியின் உபரி நீர் கொசஸ்தலை ஆற்றில் இறங்கி வரும் நேரத்தில், முகத்துவாரத்தில் மணல் மேடிட்டிருந்து கடலும் பொங்கி நின்றால், கால்வாய் நீர் வெளியேற வழியின்றிப் பின்வாங்கி, தெரு வடிகால் வழியாகவே மேலெழுகிறது. ஆகவே வீட்டுத் தரை எந்த மட்டத்தில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

பக்கத்துத் தெருவில் இருக்கும், நில அளவைப் பணி செய்யும் ஒரு தம்பியை அழைத்து, மழைநீர் வடிகால் பணிக்காகச் சிவப்பு வண்ணத்தில் இட்டிருந்த மட்டக்குறியிலிருந்து தெரு முழுவதையும் அளந்து, வீடுகளின் தரை மட்டத்தைக் காட்டும் ஒரு மட்டப் படம் வரைந்தோம். எண்ணெய்க் கோடுதான் எங்களுக்குச் சாட்சி. ஆனால் பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது என் வீட்டுக் கோட்டை நானே அழித்திருந்தேன். பின்புறக் குளியலறைச் சுவரில் மட்டும் ஒரு முழ நீளத்துக்கு மிஞ்சியிருந்தது. வெள்ளம் வடிந்த உடனே, சுவரைக் கழுவுவதற்கு முன், அளவு நாடாவைக் கோட்டருகே பிடித்துத் தேதியுடன் படம் எடுத்து வையுங்கள். ஒரே அறையில் நிறுத்தாமல் வீட்டின் நான்கு பக்கமும் எடுங்கள்.

தெருவின் இரு கோடிகளுக்கும் இடையே தரை மட்டம் ஏறத்தாழ இரண்டு அடி வேறுபட்டது. மேற்கோடியில் முழங்காலளவு நின்ற அதே தண்ணீர் கீழ்க்கோடியில் இடுப்புக்கு மேல் நின்றிருக்கிறது. ஒரே அஞ்சல் குறியீட்டு எண்ணுக்குள், ஒரே தெருவுக்குள் இவ்வளவு வேறுபாடு! எங்கள் வீடு நடுவில் இருக்கிறது; வெள்ளத்துக்குப் பிறகு கடன் வாங்கி வாசலையும் தரையையும் உயர்த்தியதையும் மட்டப் படத்தில் குறித்தோம்.

அந்தப் படத்துடன், “காப்பீடு தர மறுத்தால் காரணத்தை எழுத்தில் தாருங்கள்” என்று காப்பீட்டு நிறுவனத்துக்குக் கடிதம் கொடுத்தேன். பதில் இல்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளத்தில் புகார் பதிந்த நான்காம் நாள் அழைப்பு வந்தது. வேறொருவர் வந்து படத்தை வைத்துக்கொண்டு வாசற்படியை அளந்தார். சான்று பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை.

காப்பீட்டுப் பத்திரம் கைக்கு வந்ததும் அதிலுள்ள காப்புத் தொகை அட்டவணையை வரி விடாமல் படியுங்கள். என்னுடையதில் வீட்டுப் பொருட்களுக்கான தொகை விடுபட்டிருந்தது. கட்டடக் காப்புத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, வீட்டுப் பொருட்களுக்கும் பாதுகாப்பு உண்டு என்று விதியைக் காட்டித் திருத்தி வாங்கினேன். கட்டடத் தொகையிலும் நிலத்தின் விலையைச் சேர்க்காமல், மீண்டும் கட்ட ஆகும் செலவைக் கணக்கிட்டுப் போடச் சொல்லுங்கள்.

மட்டப் படத்தின் நகலை எங்கள் தெருவில் ஆறு வீட்டாருக்குக் கொடுத்திருக்கிறேன். மூவருக்குப் பத்திரம் வந்துவிட்டது. கீழ்க்கோடியில் தனியாக இருக்கும் ஆயாவின் விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. அவருக்கான புகாரை இந்த வாரம் நான் பதிய இருக்கிறேன்.